வேனைத் தூக்குவதற்கு முன்: சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வேனைத் தூக்கியதிலிருந்து, அதைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தெரிந்தவர்களின் வேன்களுக்குக் கைகொடுத்தபோதும் அதே சந்தேகங்கள்தான். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வேன் ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அடியில் ஏதோ ஒரு கோணத்தை மாற்றுகிறது. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

லிஃப்ட் கிட்னா சரியா என்ன? பெரிய டயர் போட்டாலும் வண்டி உயரத்தானே செய்யுது?

இரண்டும் உயர்த்தும், ஆனால் உயர்த்தும் இடம் வேறு. சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கூட்டுவது. ஸ்பிரிங்கை மாற்றியோ, அதற்கு மேலோ கீழோ ஒரு துண்டு வைத்தோ இதைச் செய்கிறோம். பாடி, எரிபொருள் டேங்க், சைலன்சர் எல்லாம் மேலே போகும். பின்பக்கம் முழு ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) உள்ள வேனில் டிஃபரன்ஷியல் (அந்த அச்சின் நடுவே உள்ள கியர் உருண்டை) மட்டும் இருந்த உயரத்திலேயே நிற்கும், ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. டயரின் விட்டம் 6 செ.மீ. கூடினால் ஆக்சில் 3 செ.மீ. ஏறும்.

பாடி லிஃப்ட் என்று இன்னொன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடி தனி, சேஸிஸ் தனி என்று இருக்கும் வண்டிகளுக்கு அது. பெரும்பாலான வேன்களில் இரண்டும் ஒரே உடம்பாக வெல்டு செய்யப்பட்டிருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்கு லிஃப்ட் உண்மையிலேயே தேவையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வேனின் அடியில் படுத்துப் பாருங்கள். கீறல் எங்கே விழுந்திருக்கிறது? முன் பம்பரின் உதட்டிலா, நடு வயிற்றிலா, பின்னால் டோ ஹூக்கிலா? கீறலே இல்லை, ஆனால் சேற்றில் சிக்கிக்கொள்கிறது என்றால் உங்களுக்குத் தேவை நல்ல டயர், உயரம் இல்லை. பின்பக்கம் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புது ஸ்பிரிங் போட்டாலே கம்பெனி உயரம் திரும்பிவிடும்.

நடு வயிறு உரசுகிறது என்றால் கொஞ்சம் கணக்குப் போடலாம். மேட்டின் மேல் ஏறும்போது வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய கோணத்தை முன் பின் சக்கரங்களின் இடைவெளியும் தரை இடைவெளியும் தீர்மானிக்கின்றன. சக்கர இடைவெளி 4.3 மீட்டர், தரை இடைவெளி 20 செ.மீ. உள்ள நீளமான வேனுக்கு அந்தக் கோணம் சுமார் 10.6 டிகிரி. 5 செ.மீ. தூக்கினால் 13.3 டிகிரி. ஆனால் 3.2 மீட்டர் இடைவெளி உள்ள குட்டை வேனுக்குத் தூக்காமலேயே 14.3 டிகிரி கிடைக்கிறது. நீள வேன் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆசைப்பட வேண்டும். எவ்வளவு தூக்கினாலும் நீளம் குறையாது.

அப்போ எத்தனை இன்ச் தூக்கலாம்?

என் கருத்தைக் கேட்டால் 1 முதல் 2 இன்ச், அதாவது 25 முதல் 50 மி.மீ. அந்த அளவுக்குள் பெரும்பாலான வேன்களில் மற்ற பாகங்கள் சமாளித்துக்கொள்ளும், மாற்ற வேண்டியவையும் கைக்கு அடங்கும். அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் உருண்டை மூட்டு), பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் கம்பி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். 3 அல்லது 4 இன்ச் கிட் நல்லதாக இருந்தால் இவற்றுக்கான பாகங்களும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். 4 இன்ச் என்று சொல்லிவிட்டு நான்கு துண்டு இரும்பை மட்டும் தரும் கிட்டை வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் இப்போதைய உயரத்தை அளந்து எழுதுங்கள். சமதளத்தில் நிறுத்தி, வேனை நாலடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். நான்கு மூலையிலும் எடுங்கள். இடதும் வலதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் முதலில் அதன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். உடைந்த ஸ்பிரிங்கோடு லிஃப்ட் போட வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வேன்ல என்ன சஸ்பென்ஷன் இருக்குன்னே தெரியல. எப்படிப் பார்க்கறது?

முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஷாக்கை, அதாவது குதிப்பை அடக்கும் குழாயை, சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இருந்து, அதன் தலை பாடிக்குள் போய் முடிந்தால் அது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டு டிரான்சிட், ஃபியட் டுகாட்டோ, ஃபோக்ஸ்வேகன் டி5, டி6 எல்லாம் முன்னால் இந்த வகை. முன்பக்கம் ஸ்பிரிங்கே கண்ணில் படவில்லை, கீழ்க் கையிலிருந்து (கை என்பது சக்கரத்தைப் பாடியோடு இணைத்து ஏறி இறங்க விடும் இரும்புச் சட்டம்) பின்னோக்கி நீளமான ஒரு இரும்புத் தண்டு போகிறது என்றால் அது டார்ஷன் பார். டொயோட்டா ஹையேஸின் 200 வரிசை இப்படி. 2006-இல் வந்த மெர்சிடஸ் ஸ்பிரிண்டர் தலைமுறையில் முன்னால் குறுக்கே ஒரு ஃபைபர் பட்டை இருக்கும். ஃபோர்டின் ஈ வரிசை வேன்களில் முன்னால் இரண்டு ஐ பீம், அதன் மேல் சுருள் ஸ்பிரிங்.

பின்பக்கம் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங்தான், மெக்கானிக்குகள் பட்டை என்று சொல்வது. டி5, டி6 மட்டும் இங்கே விதிவிலக்கு, பின்னாலும் சுருள் ஸ்பிரிங். கிட் வாங்கும்போது மாடல் பெயரோடு தயாரிப்பு வருடம், இரு சக்கர இழுவையா நான்கு சக்கரமா, பின்னால் ஒற்றைச் சக்கரமா இரட்டையா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் ஓடும் இரண்டு வேன்களுக்கு அடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

ஸ்பேசர் கிட் மலிவா கிடைக்குது, முழு ஸ்ட்ரட் கிட் ரொம்ப விலை. ரெண்டும் தூக்கத்தானே போகுது?

தூக்குவது ஒன்றுதான், தூக்கிய பிறகு சக்கரம் ஆடும் விதம் வேறு. ஸ்ட்ரட்டின் தலையில் 30 மி.மீ. ஸ்பேசர், அதாவது இடைவெளி கூட்டும் துண்டு, வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே, அதனால் ஓட்டம் பழையபடியே இருக்கும். ஆனால் சக்கரம் தொங்கும்போது முன்பைவிட 30 மி.மீ. கீழே போகும். அந்தக் கடைசிக் கோணத்தில் பால் ஜாயிண்ட்டும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டும் தாங்குமா என்பதுதான் கேள்வி. முன் சக்கர இழுவை வேன்களில் இது முக்கியம். ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் மடிந்து உரசிக் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், ஜாயிண்ட் போய்விடும்.

ஸ்பிரிங்கை மட்டும் உயரமானதாக மாற்றிப் பழைய ஷாக்கை வைத்துக்கொண்டால் கதை தலைகீழ். சக்கரம் தொங்கும் எல்லை மாறாது. ஆனால் வேன் ஏற்கெனவே உயரத்தில் நிற்பதால் ஷாக்குக்குக் கீழ்நோக்கி நீள இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று இழுத்து நிற்கும். நீளம் பொருந்திய ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வருவதற்குத்தான் முழுக் கிட்டில் அந்த விலை. 1 இன்ச் மட்டும் போதும், பெரும்பாலும் தார் ரோடுதான் என்றால் ஸ்பேசர் போதும். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. கரடுமுரடான பாதையில் அடிக்கடி போவீர்கள் என்றால் முழுக் கிட்டுக்குப் பணம் சேருங்கள்.

1 இன்ச் ஸ்பேசர் வச்சா 2 இன்ச் ஏறும்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கையின் நடுவில் ஸ்பிரிங் உட்காரும் வேன்களில் அங்கே 1 இன்ச் என்பது சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் ஆகும், நெம்புகோல் கணக்கு. ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைத்தால் ஏறக்குறைய வைத்த அளவுதான் ஏறும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் பிளாக்கும் அப்படியே. ஷேக்கிளை (பட்டையின் ஒரு முனையைப் பாடியோடு கோக்கும் இணைப்பு) 2 இன்ச் நீட்டினால் 1 இன்ச்தான் ஏறும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது. அதனால் ஸ்பேசரின் தடிமனைக் கேட்காதீர்கள், சக்கரத்தில் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள்.

டார்ஷன் பார் வண்டி. போல்ட்டைத் திருகினாலே ஏறிடுதே, கிட் எதுக்கு?

ஏறும். தண்டு கடினமாவதில்லை, உட்காரும் உயரம் மட்டும் மாறுகிறது. பத்து இருபது மில்லிமீட்டருக்கு அது சரியான வழிதான். அதற்கு மேல் திருகினால் மேல் கை கீழ்ப்பக்க ரப்பர் கட்டையை நெருங்கிவிடும், சக்கரம் இறங்க இடமே இருக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் கை அந்தக் கட்டையில் போய் அடிக்கும். கோணம் மாற்றிய மேல் கையும் நீளமான ஷாக்கும் கிட்டில் வருவது இதற்காகத்தான். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருகாமல், அளந்து உயரத்தைச் சமமாக்குங்கள்.

பின்பக்கம் பிளாக் வச்சா போதுமா, இல்ல பட்டை சேர்க்கணுமா?

வேன் எப்போதும் காலியாக ஓடுகிறதா, எப்போதும் பாரத்தோடு ஓடுகிறதா என்பதுதான் பதில். காலியாகவோ லேசாகவோ ஓடினால் பிளாக் நல்லது, பட்டையின் மென்மை கெடாது. வீடுபோல் அமைத்த வேன், கருவிகள் நிரம்பிய வேன் என்றால் ஒரு பட்டை சேர்ப்பதோ, முழுப் பட்டைக் கட்டையே புதிதாக மாற்றுவதோ சரி. பட்டை சேர்த்தால் கடினமாகும். பாரம் இல்லாத நாட்களில் முதுகு அதைச் சொல்லும்.

பிளாக்கில் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்கக் கூடாது. ஸ்டீயரிங் உள்ள முன் ஆக்சிலில் பிளாக் வைக்கக் கூடாது. பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ வடிவப் போல்ட்டான பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது, ஏனென்றால் ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட்டின் பிடி மறுமுறை நம்பத்தக்கதல்ல. உயரமான பிளாக்குக்கு இன்னொரு குணமும் உண்டு: வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் சுழல முயன்று பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். பிளாக் உயர உயர அந்த நெம்புகோல் நீளும். 2 இன்ச்சுக்கு மேல் வேண்டுமானால் பட்டையை மாற்றுவதே மேல் என்பேன்.

லிஃப்ட் போட்டா கூடுதலா எடை ஏத்தலாம்ல?

முடியாது. வேனின் மொத்த எடை வரம்பும் ஒவ்வொரு ஆக்சிலின் வரம்பும் கதவு ஓரத் தகட்டில் எழுதியிருக்கும். ஆக்சில், பேரிங், பிரேக், ரிம், டயர், பாடி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட வரம்பு அது. ஸ்பிரிங்கை மட்டும் பலப்படுத்தினால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடித்த பையான ஏர் பேக் வைத்தாலும் இதே கதை.

கிட் தேர்ந்தெடுக்கும் முன் வேனை எடை மேடையில் ஏற்றுங்கள். டேங்க் நிரம்ப எரிபொருள், தண்ணீர், வழக்கமான சாமான், வழக்கமாக வரும் ஆட்கள் எல்லாவற்றோடும். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அது நிரந்தரமா வந்து போவதா என்று யோசியுங்கள். ஸ்பிரிங்கை நிரந்தர எடைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊகத்தில் ‘கொஞ்சம் ஸ்ட்ராங்காவே இருக்கட்டும்’ என்று வாங்கினால் கட்டை வண்டி மாதிரி குதிக்கும். நான் முதலில் செய்த தவறு இதுதான். ஒரு வருடம் கழித்து ஸ்பிரிங்கை மறுபடி மாற்றினேன்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

ஒரு உதாரணம் பார்ப்போம். 235/65 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 712 மி.மீ. 245/75 ஆர்16 சுமார் 774 மி.மீ. வித்தியாசம் 62, தரையிலிருந்து கிடைப்பது 31 மி.மீ. இதோடு ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வேன் 108-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கியரும் அதே அளவுக்கு இழுவை குறைந்ததாகத் தோன்றும்.

பெரிய டயர் எங்கே இடிக்கும் என்பதை நேராக நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி அமுக்கிப் பாருங்கள். மட்கார்டின் பின் ஓரம், உள் பிளாஸ்டிக், ஸ்வே பார் (வளைவில் வேன் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி), பிரேக் ஹோஸ், ஸ்லைடிங் கதவின் ஓரம் என்று உரசும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணான லோடு இன்டெக்ஸையும் மறக்காதீர்கள். 115 என்றால் ஒரு டயர் 1215 கிலோ, 120 என்றால் 1400 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. காருக்கான அழகான டயரை அளவு பொருந்துகிறது என்று வேனில் மாட்டுவது ஆபத்து.

நானே வீட்டில் மாட்டலாமா?

பின்பக்கப் பிளாக்கை மாட்டலாம், கைப்பழக்கம் இருந்தால் ஒரு பகல் வேலை. முழுதாகச் சேர்த்தே வரும் ஸ்ட்ரட்டையும் மாட்டலாம். ஆனால் பழைய ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுக்கும் வேலையைச் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரசர் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுநட்டு ஒன்று இருக்கிறது, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல்தட்டு பறந்து வரும். உயிர் போகிற விஷயம் இது. பட்டறையில் கொடுத்து மாற்றிவாங்குங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

தேவையானவை: வேனின் எடைக்கு ஏற்ற ஜாக்கி, அதே தகுதியுள்ள இரண்டு ஸ்டாண்டு, மூன்றாவதாக ஆக்சிலைத் தாங்க இன்னொரு ஜாக்கி, சக்கரத்துக்குக் கட்டை, நீளமான கைப்பிடி, துரு இளக்கும் எண்ணெய், டார்க் ரென்ச் (சொன்ன அளவு இறுக்கத்துக்கு, அதாவது டார்க்குக்கு, முறுக்கும் ஸ்பேனர்). ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. துரு எண்ணெயை முந்தின நாளே அடித்து வையுங்கள், மறுநாள் பாதி சண்டை மிச்சமாகும்.

மாட்டும்போது எந்த வரிசையில் போகணும்?

நான் பின்பக்கத்திலிருந்து தொடங்குவேன், அது எளிது. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, பாடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்க வேண்டும். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றும் பிடிக்கப்பட்டிருக்கும் கிளிப்புகளை இளக்குங்கள். அப்புறம் யூ போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை மெல்ல இறக்கிப் பிளாக்கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்தால் ஆக்சில் நகர்ந்துபோகாது. பட்டையின் சென்டர் போல்ட் தலை பிளாக்கின் குழியிலும், பிளாக்கின் முனை ஆக்சிலின் குழியிலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது உட்காராமல் முறுக்கினால் ஆக்சில் கோணலாகி வேன் நண்டு மாதிரி ஓடும். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, கிட் தாளில் போட்ட டார்க் வரை முறுக்குங்கள்.

முன்பக்கத்தில் முதலில் ஸ்வே பார் லிங்கை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏபிஎஸ் ஒயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். ஸ்ட்ரட் கழன்றதும் சக்கரம் மாட்டும் ஹப் வெளியே சாயும், அதைக் கம்பியால் கட்டி வையுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கெட்டுவிடும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டும் பிரிந்துவிடலாம். மாட்டி முடித்ததும் வேனை இறக்கும் முன், சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி ஒவ்வொரு ஹோஸும் ஒயரும் விறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இது ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

புஷ் போல்ட்டை வண்டியை இறக்கிட்டு டைட் பண்ணணும்னு சொல்றாங்களே, ஏன்?

பல வேன்களில் கையின் புஷ், பட்டையின் புஷ் எல்லாம் உள் குழாயோடு ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது அந்த நிலையே ரப்பருக்கு நடுநிலை ஆகிறது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வேனை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும், உயரமும் தவறாகக் காட்டும். அதனால் கையால் முறுக்கி வைத்து, சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு கடைசி டார்க் கொடுக்க வேண்டும்.

100 கி.மீ. ஓடியதும் வீல் நட், யூ போல்ட் இரண்டையும் மறுபடி பாருங்கள். 500-இல் இன்னொரு முறை. ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் உட்காரும், அப்போது மறுபடி அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அலைன்மென்ட் கட்டாயமா? ஸ்டீயரிங் நேராத்தான் இருக்கு.

கட்டாயம். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பிய கோணம்), கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன் பின் சாய்வு) மூன்றும் மாறும், ஸ்டீயரிங் நேராக இருப்பது எதையும் நிரூபிக்காது. ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி இருந்தால்கூட, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது என்று அர்த்தம். புது டயர் கண்ணெதிரே கரையும். பல வேன்களில் டோ மட்டும்தான் திருத்தக்கூடியது. கேம்பரும் வெளியே போயிருந்தால் அதற்கான தனி போல்ட்டோ கையோ வேண்டும். கிட் விற்பவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிபார்க்க வேண்டும், வழுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதை நம்பித்தான் முடிவெடுக்கிறது. கண்ணாடியில் கேமராவோ பம்பரில் ரேடாரோ உள்ள புது வேன்களில் அவற்றின் பார்வையும் மாறியிருக்கும். ஹெட்லைட்டையும் விடாதீர்கள். சக்கர இடைவெளி 3.5 மீட்டர் உள்ள வேனின் முன்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. தூக்கினால், 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 36 செ.மீ. மேலே போய் எதிரே வருபவர் கண்ணில் விழும்.

பிரேக்குக்கும் லிஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இது. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. ஹோஸ் நீளத்தை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்று பின் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் லோடு வால்வு. பழைய வேன்கள் பலவற்றில் பாடியில் ஒரு வால்வு, அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ போகும். பாரம் ஏறி வேன் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். காலியாகி உயர்ந்தால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க.

இப்போது நாம் வேனைத் தூக்கிவிட்டோம். வால்வு என்ன நினைக்கும்? வேன் காலியாக இருக்கிறது என்று. முழுப் பாரத்தோடு போகும்போதும் பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். என் வேனை மாட்டித் தந்த பட்டறை இதைக் கவனிக்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. பாரத்தோடு ஒரு இறக்கத்தில் பிரேக் மிதித்தபோது முன்பக்கம் தரையைக் குத்துவதுபோல் தாழ்ந்தது, வேன் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. நல்லவேளையாக எதிரே யாரும் இல்லை. வால்வின் பிராக்கெட்டைத் தூக்கிய அளவுக்கு நீட்டினால் சரியாகிவிடும், அல்லது கம்பியின் நீளத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திருத்த வேண்டும். கிட்டில் அந்தச் சின்ன பிராக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வால்வு இல்லாமல் ஏபிஎஸ் வழியாகவே பின் பிரேக்கைப் பகிரும் புது வேன்களில் இந்தக் கவலை இல்லை.

தூக்கினதுல இருந்து ஒரு நடுக்கம் வருது. டயர் பேலன்ஸ் பண்ணியும் போகல.

எங்கே நடுங்குகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் என்றால் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும், அதுவும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது அதிகமாகி விடும்போது குறைந்தால் பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட். பின் இழுவை வேனில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே உயர வித்தியாசம் கூடியதால் யூனிவர்சல் ஜாயிண்ட் அதிகக் கோணத்தில் சுழல்கிறது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கோணம் ஏறக்குறைய சமமாக, 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கோணமானி ஒன்றை வைத்து அளக்கலாம்.

பிளாக் வைத்திருந்தால் இரண்டு கோணமும் சேர்ந்தே கூடும். ஷேக்கிள் நீட்டியிருந்தால் டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, சமநிலையே கெடும். அப்போது பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான ஆப்பு வைத்துத் திருத்த வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்கும் ஸ்பேசரிலேயே பலமுறை தீர்ந்துவிடும்.

பள்ளத்துல இறங்கும்போது ‘டக்’னு ஒரு சத்தம். எங்கேன்னு தெரியல.

முதலில் ஷாக் முழுதாக நீண்டு இடிக்கிறதா என்று பாருங்கள், ஸ்பேசர் கேள்விக்கான பதிலில் சொன்னது. ஒரு கேபிள் டையை ஷாக்கின் தண்டில் கட்டிவிட்டால் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் தெரியும். ஷாக் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்வே பார் லிங்க். உயரம் கூடியதும் பார் கீழ்நோக்கிச் சாய்ந்து லிங்க் மடங்கி இடிக்கும், நீளமான லிங்க் வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரட் தலையின் நட்டுகள். ஸ்டீயரிங் திருப்பும்போது சத்தம் வந்தால் அங்கே போங்கள்.

கவிழ்ந்துடுமோன்னு பயமா இருக்கு. நியாயமான பயம்தானா?

நியாயம்தான். கவிழாமல் நிற்கும் திறனைக் கணிக்க எளிய அளவு ஒன்று உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை (நடுத்தூரம்), ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுப்பது. நடுத்தூரம் 1.7 மீட்டர், மையம் 85 செ.மீ. உயரத்தில் என்றால் விடை 1. மையம் 5 செ.மீ. ஏறினால் 0.94. வளைவில் உங்கள் கையிருப்பில் 6 சதவீதம் போய்விட்டது.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. 3000 கிலோ வேனின் கூரையில் இருக்கும் 100 கிலோ சாமானை 1.8 மீட்டர் கீழே தரைக்கு இறக்கினால் மையம் 6 செ.மீ. தாழும். லிஃப்ட்டில் ஏறியது அப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது. கூரையில் தண்ணீர்த் தொட்டியும் ஸ்டெப்னியும் ஏற்றிவிட்டு, அதற்கு மேல் 4 இன்ச்சும் தூக்கிய வேனில் நான் என் குடும்பத்தை ஏற்ற மாட்டேன்.

முன்னாடி மட்டும் தூக்கி லெவல் பண்ணலாமா?

காலி வேன் பின்னால் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு, பாரம் ஏறியதும் சமமாக வேண்டும் என்பதற்காக. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் பாரம் ஏறும்போது மூக்கு மேலே பார்க்கும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் பிரச்சினையும் கூடும். நிரந்தரமாக முன்பக்கம் கனம் கூடிய வேனுக்கு மட்டும், எடை மேடைக் கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

மைலேஜ் குறையுமா?

குறையும். காற்று எதிர்ப்பு கூடுகிறது. ஆனால் பெரும் பங்கு கனமான, கரடான டயருடையது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் மைலேஜ் கணக்கிட்டால் இருப்பதைவிட மோசமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரிய டயரில் ஓடிய தூரம் குறைத்துப் பதிவாகும்.

காப்பீடு, பதிவு, வாரண்டி எல்லாம் என்ன ஆகும்?

விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் குறிப்பிட்ட அளவு வரை அனுமதி, சில இடங்களில் பொறியாளர் சான்றிதழ் வேண்டும். கிட் வாங்கும் முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிக்கலாம். கிட்டின் தாள், மாட்டிய தேதி, அலைன்மென்ட் அச்சுத்தாள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வேனிலேயே வையுங்கள்.

பிடிக்கலைன்னா பழையபடி மாத்திக்கலாமா?

ஸ்பேசர், பிளாக், முழு ஸ்ட்ரட் எதுவானாலும் மாற்றலாம். பாடியில் துளை போட்ட, மட்கார்டை வெட்டிய வேலை மட்டும் திரும்பாது. பழைய ஸ்பிரிங், ஷாக், ஷேக்கிள் எல்லாவற்றையும் துடைத்து, இடது வலது என்று எழுதிக் கட்டி வையுங்கள். பழைய யூ போல்ட்டை மட்டும் எறிந்துவிட்டு, திரும்ப மாற்றும்போது கம்பெனி நீளத்தில் புதிது வாங்குங்கள். பழைய நிலைக்கு வந்த பிறகும் அலைன்மென்ட், ஹெட்லைட், லோடு வால்வு மூன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். உயரம் இறங்கினாலும் அதே கோணங்கள்தான் மறுபடி மாறுகின்றன.